யானைக்குச் சிறகு கட்டியவர்

முட்டையை உடைத்துச் சூடான தோசைக்கல்லில் ஊற்றினால், கண்ணாடிபோல் இருந்த வெள்ளைக்கரு நொடியில் வெளுத்துக் கெட்டியாகிவிடும். ஆற வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. தண்ணீர் என்றால் கொதித்து ஆவியாகும். சூடத்தைத் தட்டில் திறந்து வைத்தால் சுவடே இல்லாமல் காற்றோடு போய்விடும். வெள்ளைக்கரு மட்டும் ஆவியாக மாட்டேன் என்கிறது. இன்னும் சூடேற்றினால் கருகும், அவ்வளவுதான்.

சமையலறையில் இது யாருக்கும் கவலை தருகிற விஷயம் இல்லை. மூலக்கூறுகளை எடைபோடுகிறவர்களுக்கோ பல பத்தாண்டுகள் தலைவலியாக இருந்தது இதுதான். வெள்ளைக்கருவில் தண்ணீர் போக மீதி பெரும்பாலும் புரதம். எடைபோடும் கருவிக்குள் போக வேண்டுமென்றால், மூலக்கூறு கூட்டத்தை விட்டு விலகி, தனியாளாக வெற்றிடத்தில் பறக்க வேண்டும். புரதம் பறக்க மறுத்தது, வற்புறுத்தினால் சிதைந்தது.

அதைச் சிதையாமல் பறக்க வைத்தவர்களில் ஒருவர் ஜான் ஃபென் என்ற அமெரிக்கர். அவர் உயிரியல்காரர் இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை எரிகலன்களோடும் பீறிட்டுப் பாயும் வாயுக்களோடும் கழித்தவர். புரதங்களை எடைபோட்டு அவர் முடிவைச் சொன்னபோது அவருக்கு 70 வயது நிரம்பியிருந்தது.

முதலில் அந்தத் தராசைப் பற்றி. ஆங்கிலத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். நம் பாடப்புத்தகங்களில் நிறை நிறமாலைமானி. பெயரில் நிறம் இருக்கிறதே தவிர கருவியில் நிறம் ஏதும் கிடையாது. அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளக் களத்துமேட்டுக்குப் போனால் போதும். அறுவடை முடிந்து நெல்லைத் தூற்றும்போது, காற்று எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் தள்ளுகிறது. பதர் தூரப் போய் விழுகிறது, கருக்காய் நடுவில், மணி பிடித்த நெல் காலடியில். விழுந்த இடத்தைப் பார்த்தே கனத்தைச் சொல்லிவிடலாம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் காற்றுக்குப் பதில் மின்புலமோ காந்தப்புலமோ தள்ளுகிறது. அது தள்ள வேண்டுமென்றால் மூலக்கூறின் மேல் மின்னூட்டம் இருந்தாக வேண்டும். அப்படி மின்னூட்டம் ஏறிய துகளுக்கு அயனி என்று பெயர்.

கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் தொடங்கிவைத்த இந்த வேலையை 1919-ல் பிரான்சிஸ் ஆஸ்டன் செம்மைப்படுத்தினார். நியான் வாயுவில் 20, 22 என இரண்டு எடையுள்ள அணுக்கள் கலந்திருப்பதை அந்தக் கருவி பிரித்துக் காட்டியது. அதற்குப் பிறகு அணுகுண்டுக்கான யுரேனியத்தைச் சோதிப்பது முதல் பெட்ரோலின் கலவையைப் பிரித்துப் பார்ப்பது வரை இதன் ஆட்சிதான். ஆனால் எல்லாமே எளிதில் வாயுவாகிற சரக்கு. வாயுவின் மீது எலெக்ட்ரான்களைச் சுட்டு மின்னூட்டம் ஏற்றினார்கள். புரதத்திடம் அந்த வித்தை பலிக்குமா? முதலில் அதை வாயுவாக்க முடியாது. ஆக்கினாலும், எலெக்ட்ரான் பட்டதும் உண்டிவில் கல் பட்ட மண்பானையின் கதிதான்.

ஃபென்னின் வாழ்க்கையைப் பார்த்தால், இந்தச் சிக்கலை அவிழ்க்கப் போகிறவர் இவர்தான் என்று அறுபது வயது வரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1917-ல் நியூயார்க்கில் பிறந்தார். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் குடும்பம் நொடிந்து கென்டக்கி மாநிலத்தின் பெரியா என்ற சிற்றூருக்குப் போயிற்று. கட்டணம் வாங்காமல், மாணவர்களை வேலை செய்ய வைத்துப் படிக்க வைக்கும் கல்லூரி ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. அங்கே வேதியியல் படித்து 1937-ல் பட்டம் வாங்கினார். 1940-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அந்த ஆய்வேட்டில் வாக்கியமாக எழுதியது மூன்றே பக்கங்கள்தான். மற்றதெல்லாம் அட்டவணையும் கணக்கும். வழிகாட்டிகள் எப்படி ஒப்புக்கொண்டார்களோ!

பட்டம் கையில் வந்ததும் ஆய்வுப் பக்கம் தலைவைக்காமல் தொழிற்சாலைக்குப் போனார். அலபாமாவில் மான்சாண்டோ நிறுவனம், பிறகு மிச்சிகனில் ஒரு ரசாயன ஆலை, அதன்பின் நண்பர் ஒருவர் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் தொடங்கிய சின்ன நிறுவனம். ஜெட் எஞ்சின்களுக்கான எரிதல் ஆராய்ச்சி அங்கே நடந்தது. அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்தது 1949-ல், 32 வயதில். அந்த வயதுக்குள் நோபல் பரிசுக்குரிய வேலையையே முடித்துவிட்ட இயற்பியலாளர்கள் உண்டு.

1952-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அழைத்தது. அமெரிக்கக் கடற்படையின் பணத்தில் 'ஸ்குவிட்' என்ற பெயரில் ஜெட் உந்துவிசை ஆராய்ச்சித் திட்டம் ஒன்று நடந்துவந்தது. அதை நிர்வகிப்பதுதான் வேலை. அங்கேதான் வாயுப் பீச்சுகளோடு அவருக்கு உறவு ஏற்பட்டது.

சைக்கிள் டயரின் வால்டியூப்பைக் கழற்றிவிட்டு, பீறிடும் காற்றில் விரலை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில்லென்று இருக்கும். அடைபட்ட வாயு சட்டென்று விரியும்போது குளிர்கிறது. இதையே வெற்றிடத்துக்குள், நுண்ணிய துளை வழியாகச் செய்தால் குளிர்ச்சி மைனஸ் 270 டிகிரியை நெருங்கும் அளவுக்குப் போகும். வெளியே வரும் வாயு ஒலியைவிட வேகமாக ஓடும்.

உள்ளே என்ன நடக்கிறது? வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசலுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதவுக்கு இந்தப்பக்கம் ஆளாளுக்கு ஒரு திசையில் முட்டிக்கொண்டு, இடித்துக்கொண்டு நிற்பார்கள். வாசலைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து, ஏறக்குறைய ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள், இடிபாடு குறைந்துவிடும். மூலக்கூறுகளும் அப்படித்தான். ஒன்றோடொன்று முட்டும் அந்தக் கலாட்டாவைத்தான் நாம் வெப்பம் என்கிறோம். கலாட்டா அடங்கினால் குளிர்ச்சி.

இந்த யோசனையை 1951-ல் முன்வைத்தவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கான்ட்ரோவிட்ஸும் கிரேயும். அதைப் பயன்படக்கூடிய கருவியாக வளர்த்தவர்களில் ஃபென் முக்கியமானவர். கனமான மூலக்கூறுகளை ஹீலியம் போன்ற லேசான வாயுவில் கொஞ்சமாகக் கலந்து பீச்சினால், ஹீலியத்தின் வேகத்தில் கனமானவையும் இழுபட்டு ஓடும். அப்படி ஓடுகிறவற்றை மோதவிட்டு, வேதிவினை நடக்கும் கணத்தையே ஆராயலாம். 1986-ல் ஹெர்ஷ்பாக், யுவான் லீ ஆகியோருக்கு வேதியியல் நோபல் வாங்கித்தந்த மூலக்கூறுக் கற்றைச் சோதனைகளுக்குப் பின்னால் இந்தப் பீச்சுக் கலை இருக்கிறது. ஃபென் 1967-ல் யேலுக்குத் திரும்பினார். தன் துறையில் மதிக்கப்படுகிற, துறைக்கு வெளியே யாரும் அறியாத பேராசிரியர். கதை இத்தோடு முடிந்திருக்கலாம்.

1968-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மால்கம் டோல் ஒரு கட்டுரை வெளியிட்டார். டோல் ஒரு பெயின்ட் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தபோது, காருக்கு மின்சாரத்தின் உதவியோடு வண்ணம் தெளிப்பதைப் பார்த்தவர். வண்ணத் துளிகளுக்கு மின்னூட்டம் ஏற்றித் தெளித்தால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பொடிப்பொடியாகப் பிரிந்து, உலோகத்தில் சீராகப் படியும். துளிக்குள் வண்ணத்துக்குப் பதில் பெரிய மூலக்கூறு இருந்தால்? திரவம் உலர உலரத் துளி சுருங்கும். சுருங்கிய துளியில் மின்னூட்டம் நெருக்கியடிக்கும். ஓர் அளவுக்குமேல் தாங்காமல் துளி வெடித்துச் சிறுதுளிகளாகும். துளி எவ்வளவு மின்னூட்டம் தாங்கும் என்று ராலே பிரபு 1882-லேயே கணக்குப் போட்டிருந்தார். சிறுதுளி மேலும் உலர்ந்து மேலும் உடைந்தால், கடைசியில் ஒரு துளிக்கு ஒரே மூலக்கூறு மிஞ்சும். அந்தத் துளியும் உலர்ந்துவிட்டால், அதன் மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு மூலக்கூறு தனியே நிற்கும். சூடேற்ற வேண்டாம், சுட வேண்டாம். பாத்திரத்துத் தண்ணீர் வற்றியபின் அடியில் உப்புத் தங்குவது மாதிரி.

யோசனை அபாரம். சோதனையில்தான் குழப்பம். டோல் எடுத்துக்கொண்ட சரக்கு பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். கிடைத்த அளவீடுகளுக்குப் பொருள் சொல்வது சிரமமாக இருந்தது. கட்டுரை மறதிக்குள் போயிற்று.

ஃபென் அந்தக் கட்டுரையைப் படித்தபோது அவர் கண்ணில் பட்டது பாலிஸ்டைரீன் அல்ல. துளிகள் வெற்றிடத்துக்குள் நுழையும் இடம் ஒரு வாயுப் பீச்சு! அது அவருடைய சொந்த வீடு. பீச்சுக்குள் போனால் வாயு உறைகிற அளவுக்குக் குளிரும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். ஏற்கெனவே உலர்ந்து வெளிவந்த அயனியின் மேல், கூடவே நுழைந்த திரவ ஆவி மறுபடியும் பனித்துளியாகப் படியும். குளித்துத் துவட்டிக்கொண்டு வந்தவரைத் திரும்பவும் மழையில் நிறுத்துவதுபோல. ஈரத்தோடு எடைபோட்டால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

பரிகாரம் எளிமையானது. தெளிப்பு வருகிற திசைக்கு எதிராக, உலர்ந்த நைட்ரஜனை மெல்ல ஊதிவிடுவது. மின்னூட்டம் உள்ள அயனி மின்புலத்தின் இழுப்பில் அந்த எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னேறும். மின்னூட்டம் இல்லாத திரவ ஆவியை நைட்ரஜன் வாரிக்கொண்டு போய்விடும். வாசலைத் தாண்டி உள்ளே போகிறவர் தலை காய்ந்துதான் போவார்.

ஜப்பானிலிருந்து யேலுக்கு வந்திருந்த மசாமிச்சி யமாஷிட்டாவோடு சேர்ந்து ஃபென் இதைச் செய்துபார்த்தார். கருவியின் இதயம் ஓர் ஊசி. மருத்துவமனையில் பார்க்கிற ஊசியைப் போன்ற மெல்லிய உலோகக் குழாய். அதன் வழியாக நிமிடத்துக்குச் சில மைக்ரோலிட்டர் கரைசல் கசியும். ஒரு சொட்டுத் தண்ணீரைப் பல நிமிடங்களுக்கு இழுத்துச் செலவழிக்கும் சிக்கனம். ஊசிக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்ததும், நுனியில் உருண்டையாகத் தொங்கும் துளி தன் வடிவத்தை இழந்து கூம்பாக நீள்கிறது. கூம்பின் முனையிலிருந்து, வெளிச்சத்தை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் பனிமூட்டம் கிளம்புகிறது. இதற்குப் பெயர் எலெக்ட்ரோஸ்ப்ரே.

1984-ல் இருவரும் இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு லெனின்கிராடில் ஒரு குழுவும் தனியாக இதே வழியைக் கண்டு ரஷ்ய மொழியில் எழுதியது. மேற்கில் அதிகம் பேர் அதைப் படிக்கவில்லை. ஆனால் அதுவரை எடைபோட்டதெல்லாம் சின்ன மூலக்கூறுகள். புரதம் பல்லாயிரம் மடங்கு ஹைட்ரஜன் எடை. ஃபென்னின் கருவியோ சுமார் 1,500-க்குமேல் அளக்காது. நகைக்கடைத் தராசில் யானையை எப்படி ஏற்றுவது?

இங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கருவி அளப்பது எடையை மட்டும் அல்ல. எடையை மின்னூட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணை. பாலிஎத்திலீன் கிளைகால் போன்ற நீண்ட மூலக்கூறுகளைத் தெளித்தபோது, அவை ஒரு மின்னூட்டத்தோடு வரவில்லை. பத்து, இருபது என்று வாரிச் சுமந்துகொண்டு வந்தன. புரதங்களும் அப்படியே. 17,000 எடையை 20-ஆல் வகுத்தால் 850. யானை தராசுக்குள் அடங்கிவிட்டது.

இதிலும் ஒரு வில்லங்கம். ஒரே புரதத்தின் சில மூலக்கூறுகள் 18 மின்னூட்டம் ஏற்றிவரும், சில 19, சில 20. கருவி வரையும் படத்தில் ஒரே பொருளுக்கு ஒரு முகடு தெரிய வேண்டிய இடத்தில் சீப்புப் பற்கள்போல வரிசையாக முகடுகள். இது தொல்லை என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஃபென்னும் அவருடைய மாணவர் மத்தியாஸ் மானும் அதையே லாபமாக மாற்றினார்கள். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு நடுவே வித்தியாசம் ஒரே ஒரு மின்னூட்டம் என்பது தெரியும். அது போதும்.

தசையில் இருக்கும் மையோகுளோபின் புரதத்தை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். முகடுகள் 848.6, 893.2 என்ற இடங்களில் தெரிகின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் 44.6. ஒவ்வொரு மின்னூட்டமும் எடை 1 உள்ள ஒரு புரோட்டானாக ஒட்டிக்கொண்டு வருவதால், சிறிய எண்ணில் 1 கழித்து வித்தியாசத்தால் வகுத்தால் 847.6 ÷ 44.6 = 19. ஆக 893.2-ல் நிற்பது 19 மின்னூட்டம் சுமந்தது. 892.2 × 19 = 16,952. பக்கத்து முகட்டை வைத்தும் பார்த்துவிடலாம்: 847.6 × 20 = 16,952. பத்தாம் வகுப்புக் கணக்கு. ஒரே ஆள் பல தடவை தராசில் ஏறி நிற்பதற்குச் சமம் என்பதால், எல்லா முகடுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிழை மேலும் குறையும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற துல்லியம் கைக்கு வந்தது. அதுவரை புரதத்தின் எடையைச் சொல்லிவந்த ஜெல் முறையில் நூற்றுக்கு ஐந்து, பத்து பிசகினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

1988 ஜூனில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஃபென் குழு இந்த முடிவுகளை முன்வைத்தது. 40,000 எடை வரையான புரதங்கள். அடுத்த ஆண்டு 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்ததும் உலகம் முழுக்க ஆய்வகங்கள் ஊசியும் மின்சாரமுமாக இறங்கிவிட்டன. இதில் ஒரு வேடிக்கை: யேலின் விதிப்படி ஃபென் 1987-லேயே 70 வயது நிரம்பி ஓய்வு பெற்றுவிட்டார். வாழ்நாளின் மிகப்பெரிய வேலை வெளியே வந்துகொண்டிருக்கும் நேரத்தில் பதவிக்காலம் முடிந்தது. 1994-ல், 77 வயதில், வேலை தேடிப் போவதுபோல ரிச்மண்டுக்குப் போய் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் புது ஆய்வகம் தொடங்கினார்.

இன்று மருந்து ஆலைகளில் 'எல்சிஎம்எஸ்' என்ற எழுத்துகளைக் கேட்காமல் ஒரு நாள் போகாது. கரைசலைப் பிரிக்கும் குரோமட்டோகிராபியையும் எடைபோடும் கருவியையும் இணைக்கும் பாலம் பெரும்பாலும் இந்த ஊசிதான். மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில் மருந்து எத்தனை மணி நேரம் தங்குகிறது, ஏற்றுமதிக்குப் போகும் மிளகாயிலும் திராட்சையிலும் பூச்சிமருந்து எவ்வளவு மிச்சம், ஓட்டப்பந்தய வீரரின் சிறுநீரில் ஊக்கமருந்து உண்டா என்பதெல்லாம் இதன் வழியாகத்தான் தெரியவருகிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, வடிதாளில் ஒற்றி உலரவைத்த ரத்தப்பொட்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டியெடுக்கிறார்கள். அதைக் கரைத்துத் தெளித்தால், அமினோ அமிலங்களிலும் கொழுப்பிலும் கோளாறு உண்டாக்கும் பல பிறவி நோய்களை இரண்டு மூன்று நிமிடத்தில் சல்லடை போட்டுவிடலாம். குழந்தைக்கு அறிகுறி தோன்றும் முன்பே உணவை மாற்றிக் காப்பாற்றிய நிகழ்வுகள் ஏராளம். மாணவர் மான், உயிரணுவின் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே மூச்சில் கணக்கெடுக்கும் துறையின் முன்னோடியானார்.

2002-ல் வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டது. பாதிப் பரிசு சுவிட்சர்லாந்தின் குர்ட் வூத்ரிச்சுக்கு. மீதிப் பாதியை ஃபென்னும் ஜப்பானின் கொய்ச்சி தனாக்காவும் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவருக்கு 85 வயது, இன்னொருவருக்கு 43. அப்போது கியோட்டோவின் ஷிமாட்சு கருவி நிறுவனத்தில் சாதாரணப் பொறியாளராக இருந்தார் தனாக்கா. முனைவர் பட்டம்கூடக் கிடையாது. லேசர் ஒளியால் புரதத்தைக் கிளப்பும் முயற்சியில், கோபால்ட் தூளில் தவறுதலாகக் கிளிசரினைக் கொட்டிவிட்டு, வீணாக்க மனம் வராமல் அதையே சோதித்துப் பார்த்ததில் வெற்றி கிடைத்தது. கம்பெனிச் சீருடையிலேயே வந்து பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்தார். லேசர் முறையை உலகம் இன்று பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவந்த ஜெர்மானியர்கள் ஹில்லன்காம்பும் கராசும் பட்டியலில் இல்லை என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. முணுமுணுப்பில் நியாயமும் இருக்கிறது. ஃபென் தன் நோபல் உரைக்கு வைத்த தலைப்பு, மூலக்கூறு யானைகளுக்கு எலெக்ட்ரோஸ்ப்ரே சிறகுகள் என்று பொருள்படும்.

பரிசோடு வழக்கும் வந்தது என்று சொல்ல முடியாது. வழக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. காப்புரிமையை ஃபென் தன் பெயரில் எடுத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது கண்டது என்பதால் அது தங்களுக்குச் சேர வேண்டும் என்றது யேல். கண்டுபிடிப்பின் மதிப்பைக் குறைத்துக் காட்டினார் என்று 2005-ல் நீதிமன்றம் ஃபென்னுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்குச் செலவும் சேர்த்து அவர் கட்ட வேண்டியிருந்தது 10 லட்சம் டாலருக்கும் மேல். நோபலில் அவர் பங்குக்கு வந்ததைவிடப் பல மடங்கு. ஃபென் 2010 டிசம்பர் 10 அன்று ரிச்மண்டில் காலமானார். ஆண்டுதோறும் நோபல் பரிசு வழங்கும் நாள் அது.

துளியைப் பற்றிய ஆராய்ச்சி அவரோடு முடியவில்லை. 2024-ல் சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு, மணலில் இருக்கும் குவார்ட்ஸின் நுண்தூளைத் தண்ணீரில் கலந்து இதேபோல மின்னூட்டத்தோடு தெளித்தது. சுமார் பத்து மில்லிநொடியில் அந்தக் கல் நானோ துகள்களாக உடைந்துபோனதாக 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கல்லையே உடைக்கும் அளவுக்குத் துளிக்குள் என்னவோ நடக்கிறது.

ஃபென்னையும் கடைசிவரை உறுத்தியது துளிதான். கடைசிக் கட்டத்தில் அயனி எப்படி வெளியேறுகிறது? துளி முழுதும் உலர்ந்து மூலக்கூறு மிச்சமாக நிற்கிறது என்றார் டோல். அப்படியில்லை, துளி இருக்கும்போதே அதன் மேற்பரப்பிலிருந்து அயனி எகிறிக் குதிக்கிறது என்ற கட்சியில் ஃபென் நின்றார். எண்பது வயதுக்குப் பிறகும் அதற்காக வாதாடினார். இன்றைய கணினி உருவகங்களும் சோதனைகளும், சின்ன அயனிகளுக்கு ஃபென் சொன்னதையும், உருண்டு மடிந்த பெரிய புரதங்களுக்கு டோல் சொன்னதையும் ஆதரிக்கின்றன. ஃபென்னின் யானைகள், அநேகமாக, டோலின் வழியாகத்தான் பறந்திருக்கின்றன. டோல் நோபலுக்கு முன்பே காலமாகிவிட்டார்.